நாக்பூரிலிருந்து அக்கா குடும்பம் வருகிறது: புதுச்சேரியைச் சுற்றி எங்கே கூட்டிப்போகலாம்?

லாஸ்பேட்டை மாடிவீடு
3 ஜனவரி, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். அக்கா குடும்பம் 17-ஆம் தேதி காலை வந்து இறங்குகிறது, 22 இரவு ரயிலேறுகிறார்கள். அக்கா, மாமா, 14 வயதுப் பையன், 9 வயதுப் பெண், கூடவே அக்காவின் மாமியார். அந்த அம்மாவுக்கு 71 வயது. முழங்கால் வலி. படி என்று சொன்னாலே முகம் மாறிவிடும்.

நான் இந்த ஊருக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. யார் வந்தாலும் பீச் ரோடு, மணக்குள விநாயகர், ஆசிரமம், ஒரு ஐஸ்கிரீம், வீடு. போன முறையும் அவர்களை இதே சுற்றுதான் சுற்றினேன். அப்போது சின்னவளுக்கு நாலு வயது. கோவில் யானை அவள் தலையில் தும்பிக்கை வைத்த போட்டோவை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள். லட்சுமி 2022 நவம்பரில் இறந்துபோனதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. இறங்கியதும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அதனால் இந்த முறை ஊருக்கு வெளியே போகலாம் என்று நினைக்கிறேன். காலையில் கிளம்பி ராத்திரி வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். என் பட்டியல்: பிச்சாவரம், சிதம்பரம், செஞ்சி, திருவண்ணாமலை, ஆரோவில், மகாபலிபுரம். நாலைந்து நாளில் எல்லாம் முடியுமா? வாடகை வண்டி பேசப்போகிறோம்.


ஃபுல் டேங்க்
3 ஜனவரி, இரவு 10:15

தாராளமாக முடியும். காலை 5 மணிக்கு வண்டியை எடுங்கள். முதல் நாள் செஞ்சி, அங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில் திருவண்ணாமலை, இரவு 10-க்குள் வீடு. இரண்டாம் நாள் கடலூர், வடலூர், சிதம்பரம், பிச்சாவரம். மூன்றாம் நாள் ஈ.சி.ஆரில் மரக்காணம், ஆலம்பரைக் கோட்டை, மகாபலிபுரம். நான்காம் நாள் ஆரோவில், மாலை சுண்ணாம்பாறு படகு. நான் நண்பர்களோடு இதைவிட அதிகமாகவே சுற்றியிருக்கிறேன்.


மஞ்சக்குப்பத்தான்
4 ஜனவரி, காலை 6:50

ஃபுல் டேங்க் தம்பி, நீங்கள் நண்பர்களோடு போனீர்கள். இவர் வண்டியில் எழுபத்தொரு வயது முழங்கால் ஒன்று இருக்கிறது.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் கடலூரிலிருந்து சம்பந்தி வீட்டாரைக் கூட்டிக்கொண்டு இதே மாதிரி நாலு இடம் என்று கிளம்பினேன். திருவதிகையில் கொஞ்சம் நேரமாகிவிட்டது. வடலூரில் தருமசாலையில் சாப்பிட்டே ஆகவேண்டும் என்றார்கள், சாப்பிட்டோம். வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது, அதைப் பார்க்காமல் எப்படி வருவது? சிதம்பரம் போய்ச் சேரும்போது நடை சாத்தியிருந்தது. நம் பக்கத்துக் கோவில்கள் பெரும்பாலும் பகல் 12 மணி வாக்கில் சாத்தினால் நாலு, நாலரைக்குத்தான் திறக்கும். இந்த நாலு மணி நேரத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று யாரும் யோசிப்பதில்லை. கீழவீதியில் ஒரு மூடிய கடையின் திண்ணையில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். சம்பந்தி அம்மாள் என்னோடு பேசவில்லை. பிச்சாவரம் போனபோது படகு நிறுத்திவிட்டார்கள்.

ஒரு நாளுக்கு ஓர் இடம். அதுவும் காலையில். பகல் சாப்பாட்டுக்கு எங்கே உட்காரப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் இடத்தை முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. 17 காணும் பொங்கல், 18 தை அமாவாசை. இரண்டு நாளும் கடற்கரைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் அன்றைக்கு மணலே தெரியாது. ஆனால் வடலூருக்கு நீங்கள் வருகிற வாரம் நல்ல வாரம். தைப்பூசம் பிப்ரவரி 1-இல்தான் வருகிறது. பூசத்தன்று போனால் ஏழு திரை நீக்கிய ஜோதி பார்க்கலாம், ஆனால் இந்தக் குடும்பத்தை வைத்துக்கொண்டு வேண்டாம்.


லாஸ்பேட்டை மாடிவீடு
4 ஜனவரி, மதியம் 1:20

ஐயா, படித்ததும் திருவண்ணாமலையையும் மகாபலிபுரத்தையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். செஞ்சியை எடுக்க முடியாது. மாமா நாக்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், பையன் பள்ளிக்கூடத்தோடு ராய்கட் கோட்டை ஏறிவிட்டு வந்தவன். "சிவாஜி மகாராஜாவின் கோட்டை உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறதாமே, நீ பார்த்ததே இல்லையா சித்தி?" என்று போனில் கேட்கிறான். மானம் போய்விட்டது.


கல்வெட்டுப் பைத்தியம்
4 ஜனவரி, இரவு 8:05

செஞ்சி என்று கேட்டதும் ஓடிவந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் வழியாகச் சுமார் 70 கிலோமீட்டர். சிவாஜி 1677-இல் பிடித்தது. அவர் இறந்தபின் மகன் ராஜாராம் மகாராஷ்டிரத்தில் இருக்க முடியாமல் இங்கே வந்து உட்கார்ந்துகொண்டார். முகலாயப் படை வருஷக்கணக்கில் சுற்றி வளைத்து நின்றும் 1698-இல்தான் கோட்டை விழுந்தது. அந்த எட்டொன்பது வருஷம் மராட்டியருக்குத் தலைநகரமே இதுதான் என்று உங்கள் பையனிடம் சொல்லுங்கள், ராய்கட்டை மறந்துவிடுவான். போன ஜூலையில் (2025) யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது நம் செஞ்சி.

நமக்கு அது தேசிங்கு ராஜன் கோட்டை. ஆற்காட்டு நவாப்போடு மோதி 1714-இல் இறந்த சின்ன வயதுக்காரன். ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை. ஆனால் அத்தனை ராஜாக்களையும் விட்டுவிட்டு ஊர் அவனைத்தான் பாடிக்கொண்டிருக்கிறது.

இனி காரியம். மூன்று மலை: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. நீங்கள் ஏறவேண்டியது ராஜகிரி, சுமார் 800 அடி. காலை எட்டு மணிக்கெல்லாம் அடிவாரத்தில் நிற்கவேண்டும். பாறை பத்தரைக்குமேல் தோசைக்கல். பிற்பகலில் தாமதமாகப் போனால் ஏற விடமாட்டார்கள். மேலே தண்ணீர் விற்க யாரும் இல்லை, ஆளுக்கு இரண்டு பாட்டில். அவற்றைப் பையில் ஜிப் போட்டு வையுங்கள், கையில் கவர் தொங்கினால் குரங்குக்குத்தான் சொந்தம். உச்சிக்குச் சற்று முன்னால் ஆழமான பிளவு ஒன்று, அதன்மேல் சின்னப் பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அந்தப் பக்கமே நிற்கவேண்டியதுதான். அங்கே நின்று கீழே பார்த்தால் முகலாயர்கள் ஏன் அத்தனை வருஷம் உட்கார்ந்தார்கள் என்று புரியும்.

பெரியம்மாவுக்குப் படி வேண்டாம். அடிவாரத்தில் கல்யாண மகால், நெற்களஞ்சியம், குளங்கள் எல்லாம் சமதளம். மரநிழல் உண்டு. அவரோடு ஒருவர் இருந்தால் போதும்.

திரும்பி வந்ததும் ஒன்று செய்யுங்கள். பீச் ரோட்டில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கருங்கல் தூண்களைக் கிட்டே போய்ப் பாருங்கள். அவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்தவை. அவர்கள் 1750-இல் கோட்டையைப் பிடித்திருந்தார்கள். நாம் தினமும் அதில் சாய்ந்துகொண்டு சுண்டல் சாப்பிடுகிறோம்.

ரோமானியரோடு வணிகம் நடந்த பழைய துறைமுகம் அரிக்கமேட்டையும் விட்டுவிடாதீர்கள். ஊரிலிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான்.


ஃபுல் டேங்க்
4 ஜனவரி, இரவு 8:40

அரிக்கமேட்டுக்கா? நாக்பூரிலிருந்து வந்தவர்களையா? அங்கே என்ன இருக்கிறது? ஒரு மாந்தோப்பு, உடைந்த செங்கல் சுவர் இரண்டு, ஒரு பலகை. நான் போய்ப் பத்து நிமிஷத்தில் திரும்பினேன்.


கல்வெட்டுப் பைத்தியம்
4 ஜனவரி, இரவு 9:10

அந்த உடைந்த சுவரும் ரோமானியர் கட்டியது இல்லை. அது பாதிரிமார் பள்ளி நடத்திய வீடு, பிற்காலத்தது. சரி, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். 1945-இல் தொல்லியல் ஆய்வாளர் மார்டிமர் வீலர் தோண்டினார், அப்புறம் கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. தோண்டியதையெல்லாம் அளந்து எழுதிவிட்டு மண்ணை மூடிவிட்டார்கள். வெளியே வந்தவை காட்சிசாலைகளில் இருக்கின்றன. இத்தாலியில் செய்த மண்பாண்ட ஓடு, ஒயினும் எண்ணெயும் வந்த இரட்டைப்பிடிச் சாடி, இங்கேயே குழாயாக இழுத்து நறுக்கிய கண்ணாடி மணிகள்.

என் யோசனை: முதலில் பாரதி பூங்காவை ஒட்டிய புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அந்த மணிகளைப் பாருங்கள். கடுகு அளவு மணியில் துளை போட்டிருப்பான். அப்புறம் அரிக்கமேட்டுக்குப் போய் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் நில்லுங்கள். கப்பல் வந்து நின்ற ஊர் இதுதான் என்று அந்தத் தண்ணீரைப் பார்த்தால் போதும். வரிசை மாறினால் தம்பி சொல்கிற பத்து நிமிஷம்தான்.


ஊசுட்டேரி நாரை
5 ஜனவரி, காலை 7:30

குழந்தைகள் இருக்கிறார்கள், திருவக்கரை ஏன் யாரும் சொல்லவில்லை? ஒரு மணி நேரப் பயணம். கல்லாகிப்போன மரங்கள் தரையில் கிடக்கின்றன, சுமார் இரண்டு கோடி வருஷத்துப் பழையவை. சில மரங்கள் 30 மீட்டர் நீளம். கிளையும் இல்லை, வேரும் இல்லை. ஏனென்றால் அவை அங்கே வளர்ந்தவை இல்லை, வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்தவை. மரத்தின் இழை அப்படியே தெரியும். தட்டினால் கல். சின்னவளுக்கு அது போதும். பக்கத்திலேயே வக்கிரகாளி இருக்கும் சந்திரமௌலீஸ்வரர் கோவில். பௌர்ணமியில் மட்டும் போகாதீர்கள், கூட்டம் நெரியும்.

துண்டு கல் எதையும் பையில் போட்டுவிடாமல் பையனைப் பார்த்துக்கொள்ளுங்கள். காவலர் இருப்பார்.


வெள்ளாற்று முகத்துவாரம்
5 ஜனவரி, இரவு 10:50

பிச்சாவரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான். எங்கள் அலையாத்திக் காட்டைப் பற்றி இரண்டு வார்த்தை.

மோட்டார் படகு வேண்டாம். அது அகலமான நீரில் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கொண்டுவந்து விட்டுவிடும். துடுப்புப் படகு கேளுங்கள். அதுதான் குறுகலான வாய்க்காலுக்குள் போகும். உள்ளே நுழைந்ததும் துடுப்பை வீசக்கூட இடம் இருக்காது. படகுக்காரர் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் வேர்களைக் கையால் பிடித்துப் பிடித்துப் படகை இழுத்துக்கொண்டு போவார். தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். வெளியில் அடிக்கிற வெயில் சட்டென்று அணைந்துவிடும். சேற்றில் நண்டு நகர்கிற சத்தம் கேட்கும், அதாவது உங்கள் குழந்தைகள் வாயை மூடினால்.

சுரபுன்னைக் காயைக் காட்டச் சொல்லுங்கள். முருங்கைக்காய் மாதிரி தொங்கும். அது காய் இல்லை, விதை மரத்திலேயே முளைத்துத் தொங்குகிற நாற்று. தாய்மரத்திலிருந்து விழுந்து சேற்றில் குத்தி நிற்கும், இல்லையென்றால் மிதந்து போய் வேறோர் இடத்தில் நிற்கும். தில்லை மரமும் இருக்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது அதனால்தான். கிளையை ஒடிக்கக் கூடாது, பால் கண்ணில் பட்டால் தாங்க முடியாத எரிச்சல்.

2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபின் கூட்டம் அதிகம். சனி, ஞாயிறு, பொங்கல் விடுமுறை எதுவும் வேண்டாம். உங்களுக்கு 21 புதன்கிழமை நல்லது. ஏழரை, எட்டு மணிக்குப் படகுத்துறையில் இருங்கள். முடித்துவிட்டுப் பத்தரைக்குச் சிதம்பரம் போனால் நடை சாத்துவதற்குள் நிம்மதியாகத் தரிசனம். மஞ்சக்குப்பத்தார் தலைகீழாகப் போய் மாட்டிக்கொண்டார்.


மஞ்சக்குப்பத்தான்
6 ஜனவரி, காலை 6:45

ஒப்புக்கொள்கிறேன்.


டிக்கியைத் திற
6 ஜனவரி, காலை 11:00

வண்டி விஷயம். புதுச்சேரி எண் வாடகை வண்டி தமிழ்நாட்டுக்குள் போகப் பெர்மிட் வேண்டும். பேசும்போதே "பெர்மிட் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வண்டிக்காரர் "எல்லாம் இருக்கு சார்" என்றார். முள்ளோடையைத் தாண்டியதும் ஓரம்கட்டினார்கள், ஒன்றும் இல்லை. அரை நாள் அங்கேயே போயிற்று. பிறகு பணத்தையும் என்னிடம்தான் கேட்டார்.

பெட்ரோல் இந்தப் பக்கமே போட்டுவிடுங்கள், லிட்டருக்குச் சில ரூபாய் குறையும். மாமா நாக்பூருக்கு ஏதாவது "சாமான்" வாங்கி டிக்கியில் வைத்திருந்தால் அன்றைக்கு மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். சோதனைச் சாவடியில் மாமியார் எதிரில் டிக்கியைத் திறக்கவேண்டியிருக்கும்.


சோரியாங்குப்பம்
6 ஜனவரி, இரவு 9:25

இவ்வளவு பேர் எழுதியிருக்கிறீர்கள், 19-ஆம் தேதி என்ன நாள் என்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லையா? தை 5. ஆற்றுத் திருவிழா.


லாஸ்பேட்டை மாடிவீடு
6 ஜனவரி, இரவு 9:50

கேள்விப்பட்டிருக்கிறேன், போனதில்லை. என் மாமனார் வீடு திருச்சி, அங்கே இந்தப் பழக்கம் இல்லை. வெளியூர்க்காரர்களுக்குப் பார்க்க என்ன இருக்கும்?


சோரியாங்குப்பம்
7 ஜனவரி, காலை 5:55

பார்க்க என்ன இருக்கும் என்றால், ஆறு இருக்கும். பாகூர் தாண்டி எங்கள் ஊரில் தென்பெண்ணை. அக்கரை தமிழ்நாடு, இக்கரை புதுவை. சுற்றியுள்ள ஊர்ச் சாமிகள் எல்லாம் டிராக்டரிலும் வேனிலும் அலங்காரம் செய்துகொண்டு ஆற்றுக்கு வருவார்கள், தீர்த்தவாரி நடக்கும். மணலில் கடை போடுவார்கள், பலூன், ராட்டினம், கரும்பு, வளையல். வீட்டில் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை மணலில் பாய் விரித்துச் சாப்பிட்டுவிட்டு, சுருளிக்கிழங்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டும். கிழங்கு வாங்காமல் போனால் ஆற்றுக்குப் போனதாகவே கணக்கில்லை. கடலூர் பக்கம் ஆல்பேட்டையிலும் நடக்கும், அங்கே கூட்டம் இன்னும் அதிகம்.

படி கிடையாது. டிக்கெட் கிடையாது. நடை சாத்தமாட்டார்கள்.


ஃபுல் டேங்க்
7 ஜனவரி, காலை 9:10

ஆற்று மணலில் முழங்கால் வலிக்காரரை நடக்கவைப்பதா? மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துப்போங்கள்.


கல்வெட்டுப் பைத்தியம்
7 ஜனவரி, காலை 9:30

தம்பி முதல்முறையாக உருப்படியாக ஒன்று சொல்லியிருக்கிறார். பாகூர் வழியாகப் போகிறவர்கள் மூலநாதர் கோவிலையும் பார்த்துவிடலாம், பதினொன்றரைக்குள். கருவறைச் சுவரின் அடியில் கையளவுச் சிற்பங்கள் உண்டு, உட்கார்ந்துதான் பார்க்கவேண்டும்.


லாஸ்பேட்டை மாடிவீடு
24 ஜனவரி, இரவு 10:30

அவர்கள் ரயிலேறி இரண்டு நாள் ஆகிறது. இன்றைக்குத்தான் வீட்டைக் கூட்டிப் பெருக்கினேன். நடந்ததைச் சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

17 வீட்டிலேயே இருந்தோம். யானையைப் பற்றிச் சொன்னேன். சின்னவள் அழவில்லை, போட்டோவை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிட்டாள். 18 திருவக்கரை. கல்மரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்து, "இது மரம் இல்லை, மரத்தின் போட்டோகாப்பி" என்றாள்.

செஞ்சி 20-ஆம் தேதி. ராய்கட் ஏறிய வீரர் பாதியில் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். சின்னவளும் மாமாவும் உச்சிவரை போனார்கள். குரங்கு பறித்தது வெள்ளரிக்காய்ப் பொட்டலத்தை, மிளகாய்த்தூளோடு. தின்றுவிட்டு அது பட்ட பாட்டைப் பார்த்துப் பையன் சிரித்துச் சிரித்து எழுந்து மேலும் நூறு படி ஏறினான். திரும்பி வந்து இரவு காந்தி சிலைக்குப் போனோம். மாமா ஒவ்வொரு தூணாகத் தடவிப் பார்த்து, "இதையும் எடுத்து வந்துவிட்டார்களா?" என்று மராத்தியில் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தை இல்லை என்று நினைக்கிறேன்.

பிச்சாவரம் வெள்ளாற்று முகத்துவாரம் சொன்னபடியே. துடுப்புப் படகு, எட்டு மணி. தரிசனமும் ஆயிற்று. அரிக்கமேட்டுக்கு மாமாவும் பையனும் மட்டும் போனார்கள். அருங்காட்சியகம் முதலில், வரிசை மாறாமல். ஒரு மணி நேரம் இருந்தார்களாம், ஃபுல் டேங்க் கவனிக்கவும்.

ஆற்றுத் திருவிழாவைத்தான் சொல்லவேண்டும். காலையில் புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், தயிர்சாதம் கட்டிக்கொண்டு, மடக்கு நாற்காலியோடு போனோம். அக்காவின் மாமியார் ஊர் எது என்று நான் இத்தனை வருஷத்தில் கேட்டதே இல்லை. திருக்கோவிலூர். இதே பெண்ணையாறு, மேலே. கல்யாணமாகி நாக்பூர் போனபின் தை 5-க்கு ஆற்றில் கால் வைக்கவில்லையாம். வண்டியிலிருந்து இறங்கியவர் நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சின்னவள் தோளைப் பிடித்தபடி நேராகத் தண்ணீருக்கு நடந்தார். கணுக்கால் அளவு தண்ணீர். புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அப்படியே நின்றார். எந்தச் சாமி எந்த ஊர் என்று பக்கத்தில் நின்ற பெண்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். பேச்சு மாறிவிட்டது. "இன்னா கெயங்கு, கிலோ எவ்ளோ?" என்று கடைக்காரரிடம் பேரம் பேசியபோது அக்கா என்னைப் பார்த்தாள், நான் அக்காவைப் பார்த்தேன். இருபது வருஷமாக அந்த வீட்டில் யாரும் கேட்டிராத தமிழ்.

நாற்காலியில் மாமா உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் முழங்கால் வீங்கியது, செஞ்சி அடிவாரத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே இருந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது என் பிரச்சினை வேறு. அவர் வாங்கியது நாலு கிலோ கிழங்கு. இரண்டு கிலோ நாக்பூர் போயிற்று, இரண்டு கிலோ இங்கே எனக்கு. அதை எப்படிச் சமைப்பது?


சோரியாங்குப்பம்
25 ஜனவரி, காலை 5:50

கழுவிவிடவில்லையே? மண்ணோடு இருந்தால் பத்து நாள் தாங்கும். வேண்டியதை மட்டும் மண் போக அலசி, உப்புப் போட்டுக் குக்கரில் வேகவையுங்கள். ஆறினதும் தோலைக் கையால் உரிக்கலாம். அப்படியே சாப்பிடுங்கள், வெல்லம் தொட்டுக்கொண்டால் இன்னும் நன்றாக இருக்கும். குழம்பில் போட்டு வீணாக்காதீர்கள்.


லாஸ்பேட்டை மாடிவீடு
25 ஜனவரி, காலை 8:15

நேற்றே எல்லாவற்றையும் கழுவிவிட்டேன்.


சோரியாங்குப்பம்
25 ஜனவரி, காலை 8:20

அப்படியென்றால் இன்றைக்கே அடுப்பை மூட்டுங்கள். மீந்தால் மாடிவீட்டுக்குக் கீழ்வீடு என்று ஒன்று இருக்குமே.